மேக்ரோலைடுக்குத் தமிழ்ச்சொல்: ‘பெருவளைய’ சரி, ‘கொல்லி’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேக்ரோலைடு என்ற ஆன்டிபயாடிக் மருந்துக் குடும்பத்துக்கு இந்த இழையில் இதுவரை ‘பேரணுக்கொல்லி’, ‘பெருவளையக் கொல்லி’ என்று இரண்டு சொற்கள் வந்துள்ளன. மேக்ரோலைடு என்றே விட்டுவிடலாம் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது சொல்லின் முன்பாதியை ஏற்கிறேன். பின்பாதியை மாற்றக் கேட்டுத்தான் இந்த மடல்.

நான் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் மருந்தாளுநர். ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை என்று மலையிலிருந்து சீட்டோடு வருகிறவர்கள் அதிகம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு போய்ச் சேர்ந்தவர், ஒரு சந்தேகம் கேட்க மறுபடி இறங்கி வரமாட்டார். மருந்தோடு தரும் துண்டுச்சீட்டுதான் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அதற்காகவே இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

> குடும்பப் பெயர் எதற்கு? மாத்திரையின் பெயரை எழுதினால் போதாதா?

போதாது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ராக்ஸித்ரோமைசின் நான்கும் ஒரே குடும்பம். ஒன்றைச் சாப்பிட்டு உடம்பு தடித்தவருக்கு மற்றொன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். ‘மைசின்’ என்று முடிவதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது; ஜென்டாமைசின், கிளிண்டாமைசின், வான்கோமைசின் எல்லாம் வேறு குடும்பங்கள். குடும்பப் பெயர் தெரிந்தால்தான் அடுத்த மருத்துவரிடம் “இந்த வகை எனக்கு ஒத்துக்காது” என்று சொல்ல முடியும்.

‘பெருவளைய’ ஏன் சரி என்றால், 1957-இல் வேதியியலாளர் உட்வர்டு மேக்ரோலைடு என்று பெயரிட்டதே இந்த மருந்துகளின் மூலக்கூறில் உள்ள பெரிய லாக்டோன் வளையத்தை, அதாவது அணுக்கள் வட்டமாகக் கோத்த அமைப்பை, வைத்துத்தான். எரித்ரோமைசினில் வளையத்தில் 14 அணுக்கள், அசித்ரோமைசினில் 15, இதே குடும்பத்து ஸ்பைராமைசினில் 16. கரிம வேதியியலில் அடிக்கடி பார்ப்பது ஐந்து, ஆறு அணு வளையங்கள். ‘பேரணு’ என்றாலோ அணுவே பெரிது என்று ஆகிவிடும். அது பொருந்தாது.

இனி ‘கொல்லி’. இந்த மருந்துகள் பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமில், புதிதாக உருவாகும் புரதச் சங்கிலி வெளியேறும் குழாயில் போய் ஒட்டிக்கொள்கின்றன. தறியில் நெய்த துணி சுருளாதபடி கட்டை விழுந்தது போல வேலை நின்றுபோகிறது. பெரும்பாலும் கிருமி சாவதில்லை, பெருக முடியாமல் நிற்கிறது. அப்புறம் நம் உடலின் எதிர்ப்பாற்றல்தான் அதை ஒழிக்க வேண்டும். ‘கொல்லி’ என்று படிப்பவர், இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் கிருமி செத்துவிட்டது என்று மீதியை நிறுத்திவிடக்கூடும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிது. காபித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்றால் மூக்கைக் கட்டிக்கொண்டு தெளிக்கும் விஷம். அதே சொல்லைப் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தின் மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே பாடநூலுக்கும் அகராதிக்கும் ‘பெருவளைய நுண்ணுயிர் எதிரி’, துண்டுச்சீட்டுக்குச் சுருக்கமாகப் ‘பெருவளைய மருந்து’. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒரு சொல் நிற்குமா என்று தெரியும். நான் எழுதி வைத்திருப்பது இது:

“இது பெருவளைய மருந்து. சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் பயன்படாது. மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். இதய நோய் இருந்தாலோ, கொலஸ்ட்ரால் மாத்திரை அல்லது ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லுங்கள். அசித்ரோமைசினோடு அலுமினியம், மெக்னீசியம் உள்ள வயிற்றெரிச்சல் மருந்தைச் சேர்த்துக் குடிக்காதீர்கள். அதைக் குடித்திருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை போடுங்கள். மயக்கம், படபடப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.”

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றிய வரியைச் சுருக்கச் சொல்லாதீர்கள். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் சிம்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து கல்லீரலில் சிதைவதைத் தடுக்கும். ரத்தத்தில் அது கூடி, தசை சிதைந்து, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும் ஆபத்து மூன்றுக்கும் உண்டு.

> மூன்று நாள் மருந்துக்கு இவ்வளவு விளக்கமா?

அசித்ரோமைசின் திசுக்களில் பல நாள் தங்கும். பல நோய்களுக்கு மூன்று நாள் மாத்திரை போதுமானதாக இருப்பதே அதனால்தான். இதைத் தொண்டை வலிக்கு மட்டுமே கொடுப்பதில்லை. புதர்ச் சிலந்திப்பேன்களின் குஞ்சுகள் கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலுக்கும் கொடுக்கிறார்கள். அந்தக் காய்ச்சல் முற்றிய நிலையில் டாக்சிசைக்ளின் என்ற வேறு குடும்ப மருந்தோடு இதையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. புதருக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் குடும்பம் அந்நியமாக இருக்கக் கூடாது.

மருத்துவ நண்பர்களிடம் ஒரு கேள்வி. ‘இதய நோய்’ என்று பொதுவாக எழுதியது போதுமா, ‘இதயத் துடிப்புக் கோளாறு’ என்று பிரித்து எழுத வேண்டுமா? தமிழாசிரியர்கள் ‘பெருவளைய மருந்து’ என்பதில் புணர்ச்சி சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். அச்சுக்குக் கொடுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து