கேம் ஆடும்போது திரையில் படம் நடுவில் கிழிகிறதா? என் அனுபவம் இது, உங்களுடையதையும் எழுதுங்கள்

போன வருடம் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டும் ஒரு 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரும் சேர்த்து வாங்கினேன். முதல் நாளே தொல்லை. கேமில் மவுஸை வேகமாகத் திருப்பினால், எதிரே நிற்கும் தூண் குறுக்கே வெட்டுப்படும். மேல்பாதி ஓரிடத்தில், கீழ்ப்பாதி ஒரு விரல் அகலம் தள்ளி. கார்டு பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வேறு கார்டு கொடுத்தார்கள். அதிலும் அதே வெட்டு.

விஷயம் பிடிபட்டது ஸ்கிரீன்ஷாட்டில்தான். கிழியும் நேரம் பார்த்துப் பத்துத் தடவை எடுத்தேன், பத்தும் சுத்தமாக இருந்தன. அதையே போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தால் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதாவது, கார்டு படத்தை முழுசாகத்தான் வரைகிறது. திரையில் ஏறும்போதுதான் கிழிகிறது.

மானிட்டர் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படத்தை நிரப்புகிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 16.7 மில்லி செகண்ட், 144 ஹெர்ட்ஸில் சுமார் 6.9. பாதி வரி நிரம்பும்போதே கார்டு அடுத்த படத்தை முடித்து மாற்றிவிட்டால், மீதி வரிகள் புதுப் படத்திலிருந்து வரும். அந்த ஒட்டுதான் நாம் பார்க்கும் கோடு. ஃபிரேம் ரேட் (கார்டு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) அதிகமானால்தான் கிழியும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை, குறைவாக இருந்தாலும் இரண்டின் தாளமும் சேராவிட்டால் கிழியும்.

விசிங்க் போட்டேன், அதாவது மானிட்டரின் ஒரு சுற்று முடிந்த பிறகே படத்தை மாற்ற வைக்கும் செட்டிங். கிழிசல் நின்றது, ஆனால் மவுஸ் கனத்துப்போனது, அசைத்தால் தாமதமாகவே நகர்ந்தது. அந்த கேமில் ஒரு ஃபிரேம் கொஞ்சம் தாமதமானாலும் ஃபிரேம் ரேட் 144இலிருந்து நேராக 72க்கு விழுந்தது.

என் மானிட்டர் ஃப்ரீசிங்க் வகை, அதாவது கார்டின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட மானிட்டர்களிலும், இதே வேலையைச் செய்யும் தன் ஜிசிங்க் ஓட 2019 ஜனவரியில் என் கார்டின் சிப் கம்பெனியான என்விடியா வழிவிட்டது. ஆனால் என் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்த ஆப்ஷனே காணோம். காரணம், நான் செருகியிருந்தது எச்டிஎம்ஐ கேபிள்! டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி மாட்டி, மானிட்டர் மெனுவிலும் ஃப்ரீசிங்கை ஆன் செய்ததும் ஆப்ஷன் வந்தது. இப்போது கார்டு படத்தை முடிக்கும் வரை மானிட்டர் காத்திருக்கிறது. கிழிசல் பெரும்பாலும் போய்விட்டது. லேசான கேம்களில் மட்டும் எப்போதாவது மேல்விளிம்பில் ஒரு கோடு வருகிறது. ஏனென்று யாருக்காவது தெரியுமா?

மறுமொழி 1:
என் கதை வேறு, ப்ரோ. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மூன்று மாதம் 60இலேயே ஓட்டியிருக்கிறேன். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் நாமே மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
என்னுடையது 75 ஹெர்ட்ஸ். ஃப்ரீசிங்க் வேலை செய்யும் ரேஞ்ச் 48 முதல் 75 வரைதான். கனமான கேமில் ஃபிரேம் ரேட் 45க்கு இறங்கினால் மறுபடி கிழியும். பெரிய ரேஞ்ச் உள்ள மானிட்டர் என்றால் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும். இதில் 45ஐ இரட்டித்தால் 90, மானிட்டரால் முடியாது. அதனால் கிராபிக்ஸைக் குறைத்து 50க்கு மேலேயே வைத்திருக்கிறேன்.
உங்கள் கோடு எனக்குத் தெரிந்து வேறு காரணம், நண்பரே. லேசான கேமில் ஃபிரேம் ரேட் 144ஐத் தாண்டிவிடும், அங்கே ஜிசிங்க் வேலை செய்யாது. ஃபிரேம் ரேட்டை 141இல் நிறுத்தி, என்விடியா கண்ட்ரோல் பேனலில் விசிங்கையும் ஆன் செய்து பாருங்கள்.

முதலில் எழுதியவர்:
நேற்று இரவு 141 வைத்து, அதே தூணைச் சுற்றிச் சுற்றி அரைமணி நேரம் மவுஸைத் திருப்பினேன். ஒரு வெட்டுகூட இல்லை. ரொம்ப நன்றி.