94 கொரோலா: ரேஸ் கொடுத்தால் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம், எஃப்எம்மில் டிக் டிக். ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டுமா?

கொரோலா_ரங்கூன்:
எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1994 டொயோட்டா கொரோலா ஏஇ100, 5ஏ-எஃப்இ எஞ்சின், டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளது. ரேடியோ செட் ஜப்பான் செகண்ட் ஹேண்ட், எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். அதனால் மேலே உள்ள ஸ்டேஷன்களை அந்த எல்லைக்குள் இறக்கித் தரும் பேண்ட் கன்வெர்ட்டர் ஒன்று பின்னால் மாட்டியிருக்கிறது. டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் (ஒலி பெருக்கும் பெட்டி), அதற்குச் செட்டிலிருந்து பாட்டுச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயர் போகிறது.
எஞ்சின் ஓடினால் ஸ்பீக்கரில் "ஊய்ங்" என்று ஒரு சத்தம். ரேஸ் கொடுக்கக் கொடுக்கச் சுருதி ஏறுகிறது. சிடி, ஆக்ஸ், ரேடியோ எதுவானாலும் உண்டு. எஃப்எம் போட்டால் அதோடு டிக் டிக் என்று வேறொரு சத்தமும் சேர்கிறது. கடையில் சொன்னார்கள் என்று செட்டுக்குப் பேட்டரி கரண்ட் வரும் மஞ்சள் ஒயரில் நாய்ஸ் ஃபில்டர் வைத்தேன், கொஞ்சமும் குறையவில்லை. இப்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பெகு_ஒயரிங்:
தம்பி, ஆல்டர்னேட்டரில் இப்போதைக்குக் கை வைக்காதீங்க. நீங்க சொல்வது ஒரு கோளாறு இல்லை, ரெண்டு. தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கணும்.
ஊளைச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. மூன்று ஃபேஸ் கரண்டை ஆறு டயோடு நேராக்கும்போது மிச்சமிருக்கும் அலைதான் அது. 12 துருவமுள்ள சாதாரண ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 அலை கொடுக்கும். ஐட்லிங் 800, புல்லி விகிதம் ஏறக்குறைய 2.3 என்று வைத்துக்கொண்டால் சுமார் 1,100 ஹெர்ட்ஸ். 3,000-க்கு ரேஸ் கொடுத்தால் நாலாயிரத்தைத் தாண்டும். அதனால்தான் சுருதி ஏறுகிறது. டிக் டிக் இக்னிஷன். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ரெண்டு ஸ்பார்க், ஐட்லிங்கில் நொடிக்கு 27 போல. இது சுருதியாகக் கேட்காது, படபடவென்றுதான் கேட்கும்.
எல்லா ஆல்டர்னேட்டரிலும் கொஞ்சம் அலை இருக்கத்தான் செய்யும். அது ஸ்பீக்கருக்குப் போக எங்கே வழி கிடைத்தது என்பதுதான் கேள்வி. முதலில் ஒன்று சொல்லுங்க: வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் ஊளை இருக்கிறதா?
பிறகு மல்டிமீட்டரில் இந்த மூன்றையும் அளந்து போடுங்க. ஹெட்லைட், ஏசி பிளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஆன் செய்து எஞ்சினை 2,000-இல் பிடித்துக்கொண்டு அளக்கணும்.
பேட்டரியின் ரெண்டு முனைக்கும் நடுவே டிசி வோல்ட். 13.8 முதல் 14.5 வரை சரி.
அதே இடத்தில் ஏசி வோல்ட் (மாறுமின்னோட்டம், குளிர்சாதனம் இல்லை). 0.1-க்குக் கீழே இருந்தால் டயோடு நல்லது. 0.5-க்கு மேலே போனால்தான் ஆல்டர்னேட்டரைக் கழற்றும் பேச்சு. மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்சிலிருந்துதான் தொடங்குகிறது என்றால் அது இந்த வேலைக்கு ஆகாது, 2 வோல்ட் ரேஞ்ச் வேணும். அளப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டு மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்க. பூஜ்யம் காட்டணும். 25, 27 என்று காட்டினால் மீட்டர் டிசியையும் சேர்த்து எண்ணுகிறது. அப்போது சிவப்பு முனையோடு 1 மைக்ரோஃபாரட் கண்டென்சரைத் தொடராக வைத்து அளங்க.
மூன்றாவது, பேட்டரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே டிசி வோல்ட். 0.1 வரை நல்லது, 0.2-க்கு மேல் போனால் எர்த் பட்டை போய்விட்டது.

கொரோலா_ரங்கூன்:
நன்றி அண்ணே. வால்யூம் பூஜ்யத்திலும் ஊளை அப்படியே இருக்கிறது, கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டிக் டிக் மட்டும் வால்யூமோடு குறைந்துவிடுகிறது. டிசி 14.1, ஏசி 0.04. பிளாக்குக்கும் மைனஸுக்கும் 0.38.

பெகு_ஒயரிங்:
டயோடு நல்லது, ஆல்டர்னேட்டரை விட்டுடுங்க. 0.38 என்பது கெட்ட செய்தி. எஞ்சினுக்கும் பாடிக்கும், பேட்டரிக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றிப் பாருங்க. நம் ஊர் மழையில் ஆறேழு பருவம் பார்த்த பட்டை வெளியே நன்றாகத் தெரியும், ஒயர் முனையில் அழுத்திப் பொருத்திய லக் என்ற வளையத்துக்குள் செம்பு பச்சையாகப் பூத்துப் பொடியாகியிருக்கும். சுரண்டி மாட்டினால் கொஞ்ச நாள்தான் தாங்கும். 16 சதுர மி.மீ. செம்பு ஒயர், ரெண்டு பக்கமும் நன்றாக அழுத்திய லக் என்று புதிதாகவே போடுங்க. கரண்ட் இல்லாத நேரத்தில் கார் பேட்டரியைக் கழற்றி வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டும் பழக்கம் இருந்தால் மைனஸ் கிளாம்பையும் பாருங்க. கழற்றிக் கழற்றி மாட்டியதில் வாய் விரிந்து போயிருக்கும்.
வால்யூம் பூஜ்யத்திலும் ஊளை மாறவில்லை என்றால் அது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகுதான் நுழைகிறது. செட்டின் மஞ்சள் ஒயரில் வைத்த ஃபில்டர் வேலை செய்யாததும் அதனால்தான். ஆர்சிஏ, இல்லையென்றால் ஆம்பின் எர்த்.

மோல்மேன்_ரேடியோ:
அண்ணன் சொன்னது சரி. அந்த ரெண்டில் எது என்று பிரிக்க ஒரு சுலபமான வழி. ரெண்டு ஆர்சிஏ பிளக் வாங்கி, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சின்ன ஒயரால் சேர்த்து ஈயம் வையுங்கள். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, ஆம்பிலிருந்து ஆர்சிஏ ஒயரைப் பிடுங்கி அந்த இடத்தில் இந்த பிளக்குகளைச் செருகிவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். ஊளை நின்றால் ஆம்ப் நல்லது, சத்தம் ஒயர் வழியாகவோ செட்டிலிருந்தோ வருகிறது. நிற்காவிட்டால் ஆம்பின் பவர் அல்லது எர்த். இந்த பிளக்கைத் தவறியும் செட்டின் அவுட்புட்டில் செருகாதீர்கள்.

சிரியம்_சவுண்ட்:
இவ்வளவு மெனக்கெடணுமா? ஆர்சிஏயில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி) போட்டால் சத்தம் நின்றுவிடுமே.

மோல்மேன்_ரேடியோ:
நிற்கலாம். ஆனால் மலிவான ஐசொலேட்டரின் டிரான்ஸ்ஃபார்மர் கோர் சின்னது, அடி பேஸ் மெலிந்துவிடும். கெட்ட எர்த்தும் கெட்டபடியே மறைந்து கிடக்கும். ஆம்பின் எர்த் விட்டுப்போனால் அந்தக் கரண்ட் ஆர்சிஏ ஷீல்டு வழியாகத் திரும்பப் பார்க்கும். இதை மறைத்து வைக்கக் கூடாது.

கொரோலா_ரங்கூன்:
ஷார்ட் பிளக் போட்டேன், ஊளை ஏறக்குறைய நின்றுவிட்டது. காதை ஸ்பீக்கரில் வைத்தால் மெல்லிசாகக் கேட்கிறது. ஆம்பின் எர்த் ஒயர் பின் சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்க்ரூவில் இருக்கிறது, அடியில் பெயிண்ட் சுரண்டவில்லை.

மோல்மேன்_ரேடியோ:
அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம். செட்டைக் கழற்றி, எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் செட்டின் தகரப் பெட்டிக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்குள் வரணும். கிலோ ஓம் கணக்கில் வந்தாலோ ஒன்றுமே காட்டாவிட்டாலோ, உள்ளே போர்டில் அரிசிமணி அளவுள்ள ஃபியூஸ் போய்விட்டது. பல செட்டுகளில் ஆர்சிஏ வளையம் அந்தச் சின்ன ஃபியூஸ் வழியாகத்தான் எர்த் ஆகிறது. செட் ஓடும்போது ஆர்சிஏயைப் பிடுங்கிச் செருகினாலோ ஆம்பின் எர்த் சரியில்லாவிட்டாலோ அது எரிந்துவிடும். அதன்பிறகு சிக்னலுக்குத் திரும்பி வர நேர்வழி இல்லை, ஆல்டர்னேட்டரின் அலை முழுதாக உள்ளே ஏறிவிடும்.

கொரோலா_ரங்கூன்:
அளந்தேன். ஒன்றும் காட்டவில்லை, ஓப்பன்.

மோல்மேன்_ரேடியோ:
அதுதான். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆம்பின் எர்த்தைச் சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் புது ஃபியூஸும் போகும். தரைத் தகரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்தபின், பல் வாஷர் வைத்து 8 மி.மீ. போல்ட் நட்டால் இறுக்குங்கள். மேலே கிரீஸோ பெயிண்டோ பூசிவிடுங்கள். ஒயர் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம், பவர் ஒயரின் அதே கனம். பிறகு பேட்டரி மைனஸிலிருந்து ஒரு நீள ஒயரை டிக்கிக்கு இழுத்து, பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்பின் எர்த் முனையோடு ஒப்பிட்டு அளந்தால் 0.1 பக்கத்தில் வரணும்.
அதற்குப் பிறகு செட். போர்டில் ஈயம் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஃபியூஸை மாற்றலாம். இல்லையென்றால் வெளியிலேயே மெல்லிய செம்பு ஒயரால் ஆர்சிஏ பிளக்குகளின் வெளி வளையங்களைச் சேர்த்துச் சுற்றி, செட்டின் பின்பக்க ஸ்க்ரூவில் கட்டிவிடுங்கள். பார்க்க அழகில்லை, வேலை செய்யும்.
மிச்சமிருக்கும் மெல்லிய சத்தம் ஆம்பின் கெயின் (சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்ற திருகு) கூடுதலாக இருப்பதால். செட்டை முக்கால் வால்யூமில் வைத்து, கெயினைக் குறைந்த நிலையிலிருந்து ஏற்றி, பாட்டு உடையும் இடத்துக்கு முன்னால் நிறுத்துங்கள்.

பெகு_ஒயரிங்:
இனி எஃப்எம் டிக் டிக். பிளக் ஒயர் நாலையும் கழற்றி ஓம் பாருங்க. இந்த எஞ்சினுக்கு ஒன்று 25 கிலோ ஓமைத் தாண்டக் கூடாது. கார்பன் நரம்பு உள்ளே அறுந்திருந்தால் அந்த இடைவெளியில் ஸ்பார்க் தாவும். எஞ்சின் நன்றாக ஓடுவது போலவே இருக்கும், ரேடியோவுக்கு மட்டும் தொல்லை. இருட்டில் பானெட்டைத் திறந்து தண்ணீரை லேசாகத் தெளித்தால் ஒழுகும் இடத்தில் நீலப்பொறி தெரியும். கையால் தொடாதீங்க. ஸ்பார்க் பிளக் எண்ணில் ரெசிஸ்டரைக் குறிக்கும் ஆர் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்க.
அடுத்தது பேண்ட் கன்வெர்ட்டர். அதைக் கழற்றி ஏரியலை நேராகச் செட்டில் செருகி 89.0 வைங்க. ரங்கூன் ஸ்டேஷனான சிட்டி எஃப்எம் உங்கள் ஜப்பான் செட்டின் எல்லைக்குள்ளேயே இருப்பதால் கன்வெர்ட்டர் இல்லாமலே எடுக்கும். அப்போது டிக் டிக் நின்றால் கன்வெர்ட்டர்தான். நிற்காவிட்டால் ஏரியலின் அடிப்பாகம். ஏரியல் ஒயரின் வெளி ஷீல்டுக்கும் பாடிக்கும் ஒரு ஓமுக்குள் வரணும், துரு ஏறினால் வராது.

கொரோலா_ரங்கூன்:
எர்த் பட்டை ரெண்டும் புதிது, இப்போது 0.06. ஆம்ப் எர்த் மாற்றி, ஆர்சிஏ வளையத்தைச் செட்டில் கட்டியதும் ஊளை போயே போய்விட்டது. மூன்றாம் சிலிண்டர் ஒயர் ஓப்பன், நாலையும் செட்டாக மாற்றினேன். டிக் டிக் பெரும்பாலும் குறைந்தது. நேராக 89.0-இல் சுத்தம், கன்வெர்ட்டர் வழியாகக் கேட்டால் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

பெகு_ஒயரிங்:
கன்வெர்ட்டருக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுத்தீங்க? சிகரெட் லைட்டரோடு சேர்ந்த ஒயர் என்றால் அதில் செருகும் போன் சார்ஜரின் இரைச்சலும் உள்ளே வரும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் செட்டின் சிவப்பு ஒயரிலிருந்து எடுங்க. கன்வெர்ட்டரின் தகரப் பெட்டிக்குத் தனியாக ஒரு சின்ன எர்த் கொடுத்து, செட் எர்த் ஆகும் அதே இடத்தில் கட்டுங்க. பாதிப் பேர் ஏரியல் ஜாக்கை மட்டும் நம்பி விட்டுவிடுகிறார்கள். பயன்படாத அந்த நாய்ஸ் ஃபில்டரை இங்கே போடலாம், 12 வோல்ட் ஒயரில். உள்ளே கண்டென்சர் இருக்கிறது, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது.

கொரோலா_ரங்கூன்:
லைட்டர் ஒயர்தான். மாற்றிவிட்டேன், எஃப்எம் சுத்தம். கடைசியாக ஒன்று: ஆம்ப் பவர் ஒயரில் பேட்டரி பக்கம் ஃபியூஸே இல்லை. ஆம்பில் 40 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, அது போதுமா?

மோல்மேன்_ரேடியோ:
போதாது. அது ஆம்பைக் காக்கும், ஒயரைக் காக்காது. பேட்டரி பிளஸிலிருந்து 20 செ.மீ.க்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள், 10 சதுர மி.மீ. சுத்தச் செம்பு ஒயர். மேலே செம்பு பூசிய அலுமினிய ஒயரும் கடைகளில் கிடக்கிறது. நுனியைக் கத்தியால் சுரண்டி வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கட்டும். ஆர்சிஏ ஒயரை வண்டியின் மறுபக்கமாக இழுங்கள்.