சோவியத் நாவலில் பேய்வீடு எப்படி வந்தது?

கேள்வி:
கிளாட்கோவின் 'சிமெண்ட்' (1925) படித்துக்கொண்டிருக்கிறேன். ரஷ்ய உள்நாட்டுப் போரிலிருந்து நாயகன் கிளெப் ஊர் திரும்பினால் ஆலை செத்துக் கிடக்கிறது, ஒரு சத்தமில்லை. அதைக் கட்டிய ஜெர்மன் பொறியாளர் கிளெய்ஸ்ட், ஒருகாலத்தில் கிளெப்பைப் புரட்சியை எதிர்த்த வெண்படையிடம் காட்டிக்கொடுத்த அதே ஆள், அங்கேயே ஓர் அறைக்குள் அடைந்து கிடக்கிறார். பாழடைந்த கோட்டையும் அதை விட்டுப் போகாத பழைய எஜமானும்தானே இது? பின்னாளில் சோவியத் அரசின் அதிகாரபூர்வ இலக்கிய பாணியான சோசலிச யதார்த்தவாதத்துக்கு முன்னோடி என்று கொண்டாடிய நாவலில் இது தெரியாமல் நுழைந்ததா?

பதில் 1:
தெரிந்தேதான். பழைய சமூகம்தான் பேய் என்று காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது, மார்க்சே மூலதனத்தை ரத்தக்காட்டேரி என்று எழுதியவர். சீனத்தின் 'வெண்கூந்தல் பெண்' இசைநாடகத்தைப் பாருங்கள், 1945, கம்யூனிஸ்டுகளின் தளமான யெனான். அப்பா பட்ட கடனுக்காக நிலப்பிரபு வீட்டுக்கு இழுத்துப் போகப்பட்டவள் தப்பி மலையில் ஒளிந்து வாழ்கிறாள், முடி முழுக்க வெளுத்துவிடுகிறது, கோயில் படையலை எடுத்துத் தின்ன வரும்போது ஊர் அவளை ஆவி என்று நடுங்குகிறது. கடைசியில் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப் படை வந்த பிறகுதான் அவள் மறுபடி மனுஷி. கிளெய்ஸ்டும் அப்படித்தான், கிளெப் அவரைக் கொல்வதில்லை, வேலைக்குக் கூப்பிடுகிறான்.

பதில் 2:
பாதிதான் ஒப்புக்கொள்வேன். பயங்கரம் எல்லாம் பழையதன் பாவம் என்றால், அது ஏன் நாயகனின் உடம்பிலேயே ஏறி உட்காருகிறது? ஆஸ்திரோவ்ஸ்கியின் 'வீரம் விளைந்தது' நாவலின் நாயகன் பாவெல் செத்துவிட்டான் என்று தோழர்களே நம்பிய பிறகு திரும்பி வருகிறான், அப்புறம் கை கால் முடங்கி, பார்வையும் போகிறது. பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை'யில் விமானி கால் நொறுங்கி 18 நாள் பனிக்காட்டில் ஊர்கிறான். சரி, அதைப் போர் என்று விடலாம். ஆனால் 'சிமெண்ட்'டில் கிளெப்பின் மகள் குட்டி நியூர்க்கா சாவது புதிய அரசின் குழந்தைகள் இல்லத்தில். அம்மா தாஷா கட்சி வேலையில் இருக்கிறாள். அதற்கு எந்த நிலப்பிரபுவைக் கைகாட்டுவது? எனக்கு அந்த நாவலிலேயே நேர்மையான பக்கங்கள் அவைதான்.

பதில் 3:
நியூர்க்காவைச் சொன்னதும் இன்னொரு சோவியத் எழுத்தாளர் பிளாட்டோனோவ் நினைவுக்கு வருகிறார். 1930இல் எழுதிய 'அஸ்திவாரக் குழி'யில் பாட்டாளிகள் எல்லாரும் ஒன்றாகக் குடியிருக்க ஒரு பெரிய வீட்டுக்குக் குழி தோண்டுகிறார்கள். அநாதைச் சிறுமி நாஸ்தியாவுக்கு இரண்டு சவப்பெட்டி கிடைக்கிறது, ஒன்று படுக்க, இன்னொன்று பொம்மை வைக்க. கடைசியில் அவளையே அந்தக் குழியில் புதைக்கிறார்கள். கிளாட்கோவ் உடனே அச்சேறினார், இது சோவியத்தில் வெளிவர 1987 ஆயிற்று. பேய் பழைய வீட்டில் இருக்கும்வரை அனுமதி, புதிய வீட்டின் அஸ்திவாரத்தில் இருந்தால் இல்லை. 'சிமெண்ட்' முடித்த கையோடு இதைப் படியுங்கள்.