கவிழ்த்து வைத்த தட்டுகள்

இந்தக் குழுவில் எல்லாரும் அவரவர் அம்மாவைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் மாமியாரைப் பற்றி எழுதப் போகிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

2004 இல், கல்யாணத்துக்கு முன்னால், முதல் தடவையாக அவர் வீட்டுக்குப் போனேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம், தென்மேற்கு மூலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமைதான். மரம் என்று பார்த்தால் வீட்டைச் சுற்றிக் காற்றுக்குத் தடுப்பாக நட்டவை மட்டும். சாப்பாட்டு மேஜையில் தட்டும் டம்ளரும் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தன. சாப்பிட வந்தவர் முன்னால் தட்டைக் கவிழ்த்து வைத்தால் எங்கள் பாட்டி பிடிபிடியென்று பிடித்துவிடுவார். சரி, இந்த அம்மாவுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். சூடான உருளைக்கிழங்குப் பாத்திரம் மேஜைக்கு வந்த பிறகு அவர் தன் தட்டை நிமிர்த்தினார். உடனே எல்லாரும் நிமிர்த்தினார்கள்.

அது புழுதிக்காலத்துப் பழக்கமாம், 1930களில் மழை பொய்த்து வயல் மண் காற்றில் பறந்த காலம். அவர் பிறந்தது 1928 இல். நினைவு தெரிந்த நாள் முதல் மழை இல்லை. 1850களின் கடைசியில் ஜான் பல்லிசர் என்பவர் வந்து பார்த்துவிட்டு, முக்கோணமாகக் கிடக்கும் இந்த வறண்ட பூமி விவசாயத்துக்கு லாயக்கில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். யார் கேட்டது? 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்று அரசாங்கம் 1872 இலேயே சட்டம் போட்டுவிட்டது. மாமியாரின் அப்பா அப்படி வந்தவர்தான். தட்டை நிமிர்த்தி வைத்தால் சோறு வருவதற்குள் மண் படிந்துவிடும் என்பார் மாமியார். ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கும், நடுப்பகலில் விளக்கு எரியும். 1937 இல் மாகாணம் முழுக்கச் சராசரியாக ஏக்கருக்கு 2.7 புஷல் கோதுமைதான் கிடைத்தது, அதாவது 73 கிலோ. மாட்டுக்குக் காட்டு முட்செடியைப் பச்சையாக அறுத்துப் போட்டார்களாம். கிழக்குக் கடலோரத்திலிருந்து ரயிலில் நிவாரணமாக உப்புக் கருவாடு வந்ததாம். கடலையே பார்த்திராத ஜனங்கள். அதை எப்படிச் சமைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கொட்டகை ஓட்டையில் வைத்து ஆணி அடித்தார் என்று சொல்லிச் சிரிப்பார். (நான் அங்கே இருந்திருந்தால் குழம்பு வைத்திருப்பேன்.)

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை.

அந்த அம்மா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பதினைந்து வயதில் கதிரடிக்கும் ஆட்களுக்குச் சமைக்க ஆரம்பித்தவர். பதினைந்து ஆண்கள், ஒரு நாளைக்கு ஐந்து வேளை: விடியுமுன் ஒன்று, பத்து மணிக்கு வயலுக்கே எடுத்துப் போவது, மத்தியானம், நாலு மணி, அப்புறம் இரவு. விறகு அடுப்பு, கிணற்றுத் தண்ணீர். கல்யாணம் ஆன பிறகு இருநூறு கோழி, எட்டுக் கறவை மாடு. பாலாடையை டின்னில் ஊற்றி ரயிலில் அனுப்பி வந்த காசுதான் மளிகைக்கு. கோதுமைப் பணம் வங்கிக் கடனுக்கே போய்விடும். கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்க மாகாணம் 1949 இல் சட்டம் கொண்டுவந்தும், இவர் வீட்டுக்குக் கம்பி வந்தது 1954 இல்தான். மாமனார் முதல் பல்பை மாட்டுக்கொட்டகையில் போட்டார். அதை மாமியார் ஐம்பது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்.

2013 இல் ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய பெண் இவரிடம் தொழில் என்ன என்று கேட்டாள். "நான் வேலைக்குப் போனதில்லை. வீட்டுக்காரர்தான் விவசாயம்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு எரிச்சலாக வந்தது. காரில் வரும்போது கேட்டேவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஐரீன் மர்டாக் கதையைச் சொன்னார்.

பக்கத்து மாகாணமான அல்பர்ட்டாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பம். கணவர் வருஷத்தில் ஐந்து மாதம் வெளிவேலைக்குப் போய்விடுவார். மாட்டுக்குப் புல் அறுப்பது, டிராக்டர் ஓட்டுவது, மாட்டுக்குக் கொம்பு வெட்டுவது, அடையாளச் சூடு போடுவது எல்லாம் ஐரீன்தான். பிரிந்தபோது பண்ணையில் பங்கு கேட்டார். எந்தப் பண்ணைக்காரர் மனைவியும் செய்கிற வேலைதானே என்று கோர்ட் சொன்னது. 1973 இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர் மட்டும், போரா லாஸ்கின், மாற்றுத் தீர்ப்பு எழுதினார். பங்கு இல்லை என்ற தீர்ப்பால் கிளம்பிய கோபத்தில்தான் மாகாணங்கள் பிறகு சொத்துச் சட்டத்தை மாற்றின.

"ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து ரேடியோவை அணைத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த வருஷமே நிலப் பத்திரத்தில் இவர் பெயரும் ஏறியிருக்கிறது. எப்படி ஏறியது, மாமனாரிடம் என்ன பேசினார் என்று என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

2016 இல் போய்ச் சேர்ந்தார்.

——

பதில்: என் வீட்டுச் சொந்தக்காரப் பாட்டியும் சஸ்காச்சுவான் தலைநகர் ரெஜைனாவில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போடுவார். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அவரும் அந்தக் காலத்து ஆள்தானோ! உங்களுக்கு அவர் வீட்டிலிருந்து ஏதாவது கிடைத்ததா?

——

பதில்: பிளாஸ்டிக் பையா? மாமியார் வீட்டில் ஒரு டிராயர் நிறைய இருந்தது. நூல்கண்டு தனி.

எனக்குக் கிடைத்தது ஒரு துணி. அந்த மாகாணத்து மூஸ் ஜா ஊர் ஆலையில் அரைத்த 'ராபின் ஹூட்' மார்க் கோதுமை மாவு மூட்டையைப் பிரித்துத் தைத்தது. சவுக்காரத்தில் ஊறப்போட்டு எழுத்தை எடுப்பார்களாம். முழுசாகப் போகவில்லை, வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகத் தெரிகிறது. கண்ணாடி துடைக்க முரடு என்று அவரே கையில் கொடுத்தார். இட்லித் துணியாக வைத்திருக்கிறேன், ஒட்டவே ஒட்டாது. ஒரு தடவை அவருக்கே அதில் வார்த்துக் கொடுத்தேன். இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு, உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்றார்.