தலைவாசலுக்கு மேலே நீட்டியிருக்கும் கூரைக்கு நம் பக்கம் என்ன பேர்?

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். ஒரு சொல் வேண்டும்.

காரைக்குடியில் எங்கள் ஐயா கட்டிய வீட்டில் மராமத்து நடக்கிறது. தலைவாசலுக்கு மேலே, தூண் இல்லாமல், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் கூரை. கொடி வளைந்த மாதிரி வார்த்த இரண்டு இரும்புத் தாங்கிகள், மேலே நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி. காலை வெயிலில் அந்த நிறம் திண்ணையில் விழும்.

இதை 'மார்க்கீ' என்கிறான் அமெரிக்காவில் இருக்கும் தம்பி. மார்க்கீ என்றால் விசேஷத்துக்குப் போடும் பெரிய கூடாரம் என்கிறாள் லண்டன் அக்கா. தேடிப் பார்த்தேன், இரண்டு பேர் சொல்வதும் சரி. பிரெஞ்சில் அது 'மார்க்கீஸ்'. ஆங்கிலத்தில் அதைப் பன்மை என்று நினைத்து, கடைசிச் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். பிரிட்டனில் கூடாரமாக நின்றது, அமெரிக்காவில் ஓட்டல், தியேட்டர் வாசல் கூரையானது. பிரெஞ்சில் இன்றும் வாசல் கண்ணாடிக் கூரைக்கு அதே பேர்தான்.

சரி, நமக்கு? பந்தல் என்றால் கால் நட்டுப் போட்டு, அப்புறம் பிரிப்பது. போர்ட்டிகோ இப்போது கார் நிறுத்தும் இடம். முகப்பு என்றால் முன்கட்டு முழுவதும் வந்துவிடும். கொத்தனார் சன்ஷேடு என்கிறார்; ஜன்னலுக்கு மேல் போடும் சிமெண்டுப் பலகைக்கும் அதே பேர்தானே, மனசு ஒப்பவில்லை.

கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சொல்வார்கள்? வீடு கட்டிய கணக்கு நோட்டில் இந்தக் கூரைக்குப் பேர் எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை கண்ணாடியைக் கழற்றுகிறார்கள், அதற்குள் தெரிந்தால் நல்லது.