டைகர் மாத்துக்கு எந்த எஞ்சின்? பைபிளேன் பறக்கவிட்டவர்களின் அனுபவங்கள்

கோவையிலிருந்து

ரேடியோவில் இயக்கும் மாடல் பைபிளேன், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை உள்ள விமானம், கட்ட உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை சிசி எஞ்சின் போடலாம்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். எத்தனை அங்குல ப்ராப்பை, அதாவது ப்ரொப்பெல்லரை, சுழற்றும், மூக்கில் எத்தனை கிராம் உட்காரும் என்று கேட்டிருந்தால் ஓர் இறக்கை மிச்சமாகியிருக்கும்.

நான் கட்டியது டி ஹாவிலண்ட் டைகர் மாத், ஆறில் ஒரு பங்கு அளவு. அசல் விமானத்தின் இறக்கை 29 அடி 4 அங்குலம், என்னுடையது 59 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1931-ல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தில்தான் நம் விமானப்படையின் மூத்த தலைமுறையில் பலர் பறக்கக் கற்றார்கள். 2012-ல் ஹிண்டனில் விமானப்படை தினத்தன்று, புதுப்பித்த டைகர் மாத் ஒன்று பறந்த வீடியோவைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எட்டு மாத வேலை. எரிபொருள் இல்லாமல் 2.7 கிலோ வந்தது.

பயிற்சி விமானத்திலிருந்து கழற்றிய 46 டூ ஸ்ட்ரோக் எஞ்சின் (0.46 கன அங்குலம்), அதாவது 7.5 சிசி, கையில் இருந்தது. சக்தி போதும் என்று அதையே மாட்டினேன். டைகர் மாத்துக்கு மூக்கு குட்டை. எஞ்சின் லேசாக இருந்தால் எடை மையம் பின்னால் போய்விடும். மையத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர 280 கிராம் ஈயம் வைக்க வேண்டியிருந்தது. ஒரு வேலையும் செய்யாத 280 கிராம்.

மூன்றாவது பறப்பில், நாலு நிமிடம் இருக்கும், தென்னந்தோப்புக்கு மேலே எஞ்சின் நின்றது. பயிற்சி விமானம் என்றால் எஞ்சின் நின்ற பிறகும் நிதானமாக மிதந்து வரும். பைபிளேன் அப்படி வராது. இரண்டு இறக்கை, நடுவில் தாங்கு கம்புகளான ஸ்ட்ரட்டுகள், குறுக்குக் கம்பிகள், வெளியே நிற்கும் சக்கரங்கள் என்று ஒவ்வொன்றும் காற்றை இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் நின்ற நொடியே மூக்கைக் கீழே இறக்கி வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். நான் பழக்க தோஷத்தில் மூக்கைத் தூக்கிப் பிடித்தேன். வேகம் செத்து, இடது இறக்கை சரிந்து, சோளக்காட்டுக்குள் விழுந்தது. காட்டுக்காரர் ஒடிந்த கீழ் இறக்கையைத் துண்டில் பொதிந்து எடுத்து வந்து, "தம்பி, சின்னத் துண்டு எதுவும் விட்டுப்போச்சானு இன்னொரு வாட்டி பாத்துக்கங்க" என்றார்.

எஞ்சின் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. டைகர் மாத்தின் அசல் எஞ்சினான ஜிப்ஸி மேஜரில் சிலிண்டர் நாலும் தலைகீழாகத் தொங்கும். அதனால் மாடலிலும் ஒற்றைச் சிலிண்டரைத் தலைகீழாக மாட்டினால் காவ்லிங்குக்குள் (எஞ்சின் மூடிக்குள்) அழகாக மறைந்துவிடும். ஆனால் எஞ்சினைத் திருப்பினால் கார்புரேட்டரும் கீழே இறங்குகிறது. டேங்க்கை நான் பழைய உயரத்திலேயே விட்டிருந்தேன். டேங்க் நிறைய இருக்கும்போது எரிபொருள் தானாகவே எஞ்சினுக்குள் வழிந்தது. அதைச் சரிக்கட்ட, எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் திருகான நீடிலை இறுக்கினேன். டேங்க் பாதியானதும் கலவை மெலிந்து, சூடேறி, நின்றுவிட்டது. நிறுத்தியிருந்த விமானத்தின் சைலன்சர் நுனியில் ஒவ்வொரு சொட்டாக எண்ணெய் சேர்ந்து விழுவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டேங்க்கின் நடுக்கோடு நீடில் மட்டத்துக்கு அரை அங்குலத்துக்குள் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டுகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் 70 ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினேன், 11.5 சிசி. பழைய எஞ்சினில் 11x5 ப்ராப் (11 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 5 அங்குலம் முன்னேறும் பிட்ச்) நிமிடத்துக்கு 12,000 சுற்று போனது. புதியதில் 13x6 ப்ராப் 9,000 சுற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 அங்குலப் பிட்ச்சும் 12,000 சுற்றும் சேர்ந்தால் மணிக்கு 91 கிலோமீட்டர். 6 அங்குலமும் 9,000 சுற்றும் 82 கிலோமீட்டர். வேகம் குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் டைகர் மாத் நிதானமாகப் பறக்க வேண்டிய விமானம், 91-ஐ வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? ப்ராப் வீசும் வட்டத்தின் பரப்பு 40 சதவீதம் கூடியிருக்கிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதுதான் பைபிளேனுக்குத் தோது. புல்லிலிருந்து எழும்பும்போதே வித்தியாசம் தெரிந்தது. எஞ்சின் 100 கிராம் போலக் கூடுதல் எடை. ஈயம் 280-லிருந்து 150 ஆனது.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கின் கீச்சலோடு டைகர் மாத் பறப்பதைப் பார்க்க மனசு ஒப்பவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கின் "டப டப டப" தலைக்கு மேல் போகும்போது அது பால்சா மர விமானம் என்பதே மறந்துபோகிறது.

திருச்சியிலிருந்து

அண்ணா, டேங்க் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் ஸ்டியர்மேன் பைபிளேன் பறக்கவிடுகிறேன், ஐந்தில் ஒரு பங்கு, ஏழரை கிலோ. இந்த எடைக்கு மெத்தனால் எரிபொருள் கட்டுப்படியாகாது. 30 சிசி பெட்ரோல் எஞ்சின், 18x8 ப்ராப், பெட்ரோலில் முப்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆயில். ஓடும் செலவு ரொம்பக் குறைவு. ஆனால் அதிர்வு அதிகம். ஒவ்வொரு திருகுக்கும் கழலாமல் பிடிக்கும் லாக் பசை போடாமல் ஓட்டாதீர்கள்.

எனக்கு வந்த தொல்லை சூடு. ஸ்டியர்மேனுக்கு முகமே, சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் அந்த நட்சத்திர எஞ்சின்தான். அழகுக்காகப் போலிச் சிலிண்டர் ஏழையும் வட்டமாக ஒட்டினேன். மே மாத வெயிலில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் திணறியது. காற்று உள்ளே வராமல் இல்லை, வந்த காற்று சிலிண்டரைத் தொடாமலே சுற்றி வெளியே போய்க்கொண்டிருந்தது. மெல்லிய ப்ளைவுட்டில் சிலிண்டர் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, காவ்லிங்குக்குள் தடுப்பாக வைத்தேன். அடியில் காற்று வெளியேறும் வழியை உள்ளே வரும் வழியைப் போல் இரண்டரை மடங்கு ஆக்கினேன். இப்போது பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓடுகிறது. காவ்லிங் போட்டு மூடுகிற எந்த பைபிளேனுக்கும் எஞ்சினோடு இந்தத் தடுப்பையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

சென்னையிலிருந்து

நான் மின்மோட்டார்க்காரன். கிலோவுக்கு 220 வாட் என்று வைத்தால் டைகர் மாத் போன்ற சாந்தமான விமானத்துக்குத் தாராளம். அண்ணனுடைய 2.7 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 600 வாட். பிட்ஸ் போலக் குட்டிக்கரணம் போடும் விமானத்துக்கு 330 வாட் வேண்டும். குட்டை மூக்குக்கு ஈயம் தேவையில்லை, பேட்டரியை முன்னால் தள்ளினால் போதும். ஆனால் பேட்டரியை மாற்ற மேல் இறக்கையைக் கழற்றும்படி கட்டிவிடாதீர்கள். அடிப்பக்கம் கதவு வையுங்கள்.

அண்ணா, ஒரு சந்தேகம். தலைகீழ் எஞ்சின் குறைந்த வேகத்தில் அணைந்துபோகிறது என்கிறார்களே, உங்களுக்கு எப்படி?

கோவையிலிருந்து

எனக்கும் முதலில் அணைந்தது, தம்பி. தலைகீழாக இருந்தால் எண்ணெய், கலவையைப் பற்றவைக்கும் க்ளோ ப்ளக் மேலேயே தேங்கி அதைக் குளிர வைத்துவிடும். டேங்க்கை இறக்கியதில் பாதி சரியானது. மீதிக்கு, த்ராட்டில் கால்வாசிக்குக் கீழே வரும்போது ப்ளக்குக்குத் தானாக மின்சாரம் கொடுக்கும் சிறிய பேட்டரி ஏற்பாடு ஒன்றை விமானத்திலேயே வைத்தேன். 60 கிராம்தான், அதையும் ஈயத்துக்குப் பதிலாக மூக்கில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று, கட்டாயம் கவனியுங்கள். தலைகீழ் எஞ்சினில் ஸ்டார்ட்டரை வைப்பதற்கு முன், ப்ளக் இணைப்பை எடுத்துவிட்டு ப்ராப்பைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது கல் போல நின்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ப்ளக்கைக் கழற்றி, வடியவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஜிப்ஸி மேஜர் நம் மாடல் எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதனால் அசல் டைகர் மாத் ஓடுபாதையில் ஒரு பக்கம் இழுத்தால் நம்முடையது மறுபக்கம் இழுக்கும். என்னுடையது இடது பக்கம் போகிறது, எஞ்சினை இரண்டு டிகிரி வலது பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காற்று குறைவாக இருந்தால் 14x5 ப்ராப் போட்டுப் பார்க்கப் போகிறேன். சுற்று எண்ணிக்கையைக் குறித்துவந்து சொல்கிறேன்.