நிமிட முள் இல்லாதவனுக்கு அவசரமே இல்லையா?

பழஞ்சுவடி:
கடிகாரம் பரவும்வரை ஐரோப்பியன் பொழுதோடு எழுந்து பொழுதோடு படுத்தானாம், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதாம். தெற்குவாசல் நேற்று எழுதியது இது. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1335-லேயே பிரான்சின் ஆறாம் பிலிப் மன்னர், கூலியாட்களுக்கு மணி அடிக்க அமியான் நகர நிர்வாகத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார். காலையில் வேலைக்குப் போக, சாப்பிட, சாப்பிட்டுத் திரும்ப, மாலையில் வேலையை விட என்று எல்லாவற்றுக்கும் மணி. அந்தக் கூலிக்காரனிடம் போய்ச் சொல்லுங்கள், அவசரம் தெரியாது என்று!

தெற்குவாசல்:
அது கடிகாரமா? ஆள் கயிறு பிடித்து இழுத்த மணி. டச்சு அறிஞர் ஹைகன்ஸின் ஊசல் கடிகாரம் 1656-ல். நிமிட முள் பரவலானது அதற்குப் பிறகுதான். முள்ளே இல்லாதவனுக்கு நிமிடம் ஏது, அவசரம் ஏது?

பழஞ்சுவடி:
சமையல் குறிப்புகளில் 'ஒரு பரலோக மந்திரம் (கிறிஸ்தவ ஜெபம்) சொல்லும் நேரம் கொதிக்கட்டும்' என்கிற மாதிரி எழுதி வைத்தார்களே, அது என்ன? சின்னப் பொழுதை அளக்க வாயே போதும்.

தெற்குவாசல்:
ஒருத்தர் கடகடவென்று சொல்வார், ஒருத்தர் இழுப்பார். அதெல்லாம் அளவா? நிமிட முள் எங்கே?

மணிக்கூண்டு:
எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறீர்கள் இருவரும்? ஜெர்மனியின் நியூரம்பெர்கில் பகலுக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒரு கணக்கு. பருவத்தைப் பொறுத்துப் பகல் 8 மணி நேரம் முதல் 16 வரை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கடிகாரம் 1798 வரை மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது.

பழஞ்சுவடி:
பிளாரன்ஸ் பேராலயத்தில் உச்செல்லோ 1443-ல் தீட்டிய கடிகார முகப்பைப் பாருங்கள். 24 மணி, ஒரே முள், அதுவும் இடப்பக்கமாகச் சுற்றும். பொழுது சாய்ந்ததிலிருந்து கணக்கு. முள் 20-இல் நின்றால் இருட்ட இன்னும் 4 மணி நேரம். ஊர் திரும்புகிறவன் நடையை எட்டிப் போட வேறென்ன வேண்டும்?

தெற்குவாசல்:
ஒரே முள். நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

கரைவழி:
1752-ல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாளைப் பிடுங்கியதற்கு இங்கிலாந்தில் கலவரமே நடந்ததே. ஜனங்களுக்கு நேர உணர்வு இல்லையா?

பழஞ்சுவடி:
செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 ஆனது உண்மை. கலவரத்துக்கு ஆதாரம் கிடையாது. ஹோகார்த்தின் தேர்தல் ஓவியத்தில் வரும் வாசகத்தை வைத்துக் கட்டிய கதை அது. என் பக்கம் பேசுகிறேன் என்று பொய்யைக் கொண்டுவராதீர்கள்.

கரைவழி:
ஆதரவாக வந்தவனையும் கடிப்பீர்களா? பிளேக் நோய் பற்றிய விவாத இழையிலும் இதேதான் செய்தீர்கள். மறக்கவில்லை.

பழஞ்சுவடி:
பிளேக் இழையிலும் நான் சொன்னதுதான் சரி. தெற்குவாசலுக்கு: யோஸ்ட் பியூர்கி 1580-களிலேயே ஜெர்மனியின் காசெல் அரசவைக்கு நொடி காட்டும் கடிகாரம் செய்தார். ஹைகன்ஸ் பிறப்பதற்கு 40 வருஷம் முன்னால்!

தெற்குவாசல்:
அது நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு. சந்தைக்குப் போனவன் வீட்டில் நிமிட முள் இருந்ததா, இல்லையா?

பழஞ்சுவடி:
முதலில் முள்ளே இல்லை என்றீர்கள், இப்போது சந்தைக்காரன் வீட்டில் இல்லை என்கிறீர்கள். அமியான் மணிக்கு இன்னும் பதில் வரவில்லை.

தெற்குவாசல்:
கயிறு இழுத்த மணிக்கு என்ன பதில்? முள்ளைக் காட்டுங்கள்.